அஞ்சு வயசு லேப் வீட்டுக்கு வந்திருக்கு, இனிமே என்னென்ன பார்க்கணும்?

வைகைக்கரை | மதுரை

எல்லாருக்கும் வணக்கம். பெரியப்பா வீட்டு நாய் இப்ப எங்க வீட்ல இருக்கு. ஆண் லேப்ரடார், பேரு புரூனோ, அஞ்சு வயசு முடியப் போகுது. பெரியப்பாவும் பெரியம்மாவும் மகன்கிட்ட சிங்கப்பூர் போயிட்டாங்க, அதனால நாங்க எடுத்துக்கிட்டோம். நல்ல பையன், யாரையும் கடிக்க மாட்டான், குரைக்கிறதும் கம்மி.

அங்க காலையிலயும் ராத்திரியும் தயிர் சோறு, டீ நேரத்துல மேரி பிஸ்கட். பகல் பூரா போர்ட்டிகோ தூண்ல சங்கிலி. தடுப்பூசி புக் வீடு மாத்துனதுல காணாமப் போச்சு. ரேபீஸ் ஊசி போன வருஷம் போட்ட மாதிரி ஞாபகம்னு பெரியப்பா சொல்றார். மாட்டாஸ்பத்திரில எடை போட்டோம், 41 கிலோ. தெருமுனை வரைக்கும் நடந்தாலே மூச்சு வாங்குறான். காதுக்குள்ள உண்ணி வேற இருக்கு.

குட்டிக்குத்தான் பாடு, வளர்ந்த நாய்க்கு சோறு வச்சா போதும்னு அப்பா சொல்றார். எனக்கு அப்படித் தோணல. எதுல இருந்து ஆரம்பிக்கணும்?

---

செவலைக்காரன் | விருதுநகர் மாவட்டம்

41 கிலோவா! லேப் ஆண் 30லருந்து 36 வரைக்கும் இருக்கலாம்ணே. பெரிய எலும்புக்கட்டா இருந்தாலும் இது அதிகம்தான்.

தராசெல்லாம் அப்புறம். ரெண்டு உள்ளங்கையையும் விலாவுல வச்சு லேசாத் தடவிப் பாருங்க. அழுத்தாமலே விலா ஒவ்வொண்ணா கையில தட்டுப்படணும். மேல இருந்து பார்த்தா இடுப்பு உள்ள வாங்கியிருக்கணும், பக்கவாட்டுல பார்த்தா வயிறு பின்னங்கால் பக்கம் மேல ஏறியிருக்கணும். மூணும் இல்லேன்னா கொழுப்புதான்.

எங்க வீட்ல சிப்பிப்பாறை, ஒல்லியான வேட்டை நாய். அதுக்குக் கடைசி ரெண்டு மூணு விலா எலும்பு கண்ணுக்கே தெரியும், அதுதான் சரியான உடம்பு. ரோட்ல போறவன் எல்லாம் "ஏன்யா நாய்க்குச் சோறு வைக்கிறதில்லையா"ன்னு கேட்டுட்டுப் போவான். லேப்க்கு அந்தளவு வேண்டாம்.

---

மாட்டுடாக்டர் | பணி ஓய்வு, திண்டுக்கல்

தம்பி வைகைக்கரை, உங்கள் அப்பா சொல்வது போலத்தான் பெரும்பாலான வீடுகளில் நினைக்கிறார்கள். குட்டிக்கு மாதம் ஒருமுறை ஊசி, பூச்சி மருந்து என்று ஓடுவார்கள். ஒன்றரை வயது தாண்டியதும் நாய் ஆஸ்பத்திரிப் பக்கமே வராது. மறுபடி வரும்போது ஒன்பது வயது, மூட்டு போயிருக்கும் அல்லது பல் போயிருக்கும். நடுவில் இருக்கும் ஆறேழு வருடத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அதைச் செய்கிறவர்கள்தான் குறைவு.

உங்கள் விஷயத்தில் முதல் வேலை உண்ணி, எடை இரண்டாவது. தடுப்பூசியை இந்த வாரமே முடித்துவிடலாம்.

புக் இல்லை என்றால் ஊசியே போடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஞாபகம்" கணக்கில் சேராது. ரேபீஸ் ஒன்று போட்டு வருடா வருடம் தொடர வேண்டும். டிஸ்டெம்பர், பார்வோ, ஹெபடைடிஸ், லெப்டோ என்ற நோய்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போடும் கலவை ஊசி தனி. லெப்டோவுக்கு முதல் தடவை மூன்று நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ் வேண்டும், பிறகு ஆண்டுக்கு ஒன்று. எலி மூத்திரம் கலந்த மழைத் தண்ணீரில் பரவும் நோய் அது, மனிதருக்கும் வரும். பழைய ஊசி உண்மையிலேயே போட்டிருந்தாலும் மறுபடி போடுவதால் கெடுதல் இல்லை. குடற்புழு மருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எடை பார்த்து.

உண்ணி பற்றி எழுதும் முன் ஒன்று கேட்க வேண்டும். நாய் சாப்பிடுகிறதா? உதட்டைத் தூக்கி ஈறு நிறம் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் உடனே எழுதுங்கள்.

---

வைகைக்கரை

ஐயா, ஈறு சிவப்பாத்தான் இருக்கு. சாப்பாட்டுக்கெல்லாம் குறைச்சலே இல்ல, தட்டையும் சேர்த்துத் தின்னுருவான் போல. உண்ணியத்தான் தினமும் சாயங்காலம் உக்காந்து பிடுங்குறோம், மறுநாள் பார்த்தா அதே இடத்துல மறுபடி இருக்கு. பக்கத்து வீட்டு அண்ணன் மண்ணெண்ணெய் தடவச் சொல்றார்.

---

மாட்டுடாக்டர்

மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். தோல் வெந்து போகும், நாய் நக்கினால் நுரையீரல் வரைக்கும் கேடு. மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைக் குத்துமதிப்பாகக் கலந்து நாய் மேல் ஊற்றும் பழக்கமும் ஊரில் உண்டு. அப்படி ஊற்றி, வாயில் நுரையோடு தூக்கி வந்த நாய்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், நீங்கள் நாயின் மேல் தேடுகிறீர்கள், அது வீட்டில் இருக்கிறது. நம் ஊர் நாய்களில் இருப்பது பழுப்பு நாய் உண்ணி. தெருவுக்கே போகாமல் வீட்டுக்குள்ளேயே தன் முழு ஆயுளையும் ஓட்டக்கூடிய உண்ணி இது. பெண் உண்ணி ரத்தம் குடித்து உப்பியதும் நாயை விட்டுக் கீழே விழும். பிறகு தரையில் நிற்காது, சுவரில் ஏறும். விரிசல், கதவு நிலை இடுக்கு, ஸ்விட்ச் போர்டு பின்பக்கம் என்று ஒளிந்து ஆயிரக்கணக்கில் முட்டை போட்டுச் செத்துப்போகும். முட்டையிலிருந்து வருவது நாயைத் தேடி ஏறும், குடிக்கும், மறுபடி விழும். இப்படி மூன்று முறை. முழு வளர்ச்சி அடைந்த உண்ணி ஒரு வருடத்துக்கு மேல்கூடப் பட்டினி கிடந்து உயிரோடு இருக்கும்.

ஆகவே பிடுங்குவது போதாது. நாய்க்கு மருந்து, இடத்துக்கு மருந்து, இரண்டும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும். நாய்க்கு இப்போது நல்ல மாத்திரைகள் வந்துவிட்டன. அஃபோக்ஸோலனர் மாதம் ஒன்று, ஃப்ளுராலனர் ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒன்று. விலை கூடுதல்தான். வலிப்பு வந்த நாய் என்றால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அவர் வேறு தருவார். காசு கட்டுப்படியாகாவிட்டால் ஃபிப்ரோனில் சொட்டு மருந்து இருக்கிறது. குளிப்பாட்டுவதற்கு ரெண்டு நாள் முன்போ பின்போ போட வேண்டும்.

அந்தப் போர்ட்டிகோ தூணை ஒரு டார்ச் எடுத்துப் பாருங்கள்.

---

வைகைக்கரை

ஐயா! டார்ச் அடிச்சுப் பார்த்தேன். தூண் இந்த வீட்டுது, ஆனா அவன் வந்ததுல இருந்து அங்கதான் கட்டுறோம். கண் உயரத்துல சுண்ணாம்பு உரிஞ்ச இடம் ஒண்ணு. அதுக்குள்ள சாம்பல் நிறத்துல, ஊறவச்ச கொத்தமல்லி விதை சைசுக்கு நாலஞ்சு. அதுல ஒண்ணுக்குக் கீழ பழுப்பு நிறத்துல ரவை ரவையா முட்டைக் குவியல். அம்மா பார்த்துட்டுச் சாப்பிடவே இல்ல. கேட் பக்கத்துச் சுவர்லயும் சின்னச் சின்னதா ஏறிக்கிட்டு இருக்கு.

---

மூன்றாம்மாடி | சென்னை

ஐயோ, எங்க ஃப்ளாட்ல இதே கதை. பூச்சி மருந்து அடிக்கிறவங்களக் கூப்பிட்டோம். ஒருதடவை அடிச்சா முடியாது, முட்டை பொரிஞ்சு வர்றதுக்கு ரெண்டு மூணு வாரம் கழிச்சு மறுபடி அடிக்கணும். நாயை வேற ரூம்ல வச்சு, காஞ்சதுக்கு அப்புறம்தான் விடணும். அதுக்கு நடுவுல வாக்வம் கிளீனர் எடுத்து இண்டு இடுக்கெல்லாம் இழுத்துட்டு, பையை அப்படியே கட்டி வெளிய போட்டுடணும். அவன் படுக்குற துணிய வெந்நீர்ல துவைங்க.

இன்னொண்ணு, விரலால நசுக்காதீங்க. நுனி மெலிசா இருக்குற இடுக்கியால தோலை ஒட்டிப் பிடிச்சு, திருகாம நேரா மெதுவா இழுக்கணும். அப்படியே ஸ்பிரிட் ஊத்துன டப்பால போட்டுடலாம்.

---

செவலைக்காரன்

சிமெண்டு பால் கரைச்சு அந்த விரிசலையெல்லாம் அடைச்சிட்டு வெள்ளையடிச்சுருங்கண்ணே. எங்க நாய்ப்பட்டிக்கு அதுதான் பண்றோம். மருந்தைவிட மலிவு.

---

மாட்டுடாக்டர்

செவலைக்காரன் சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

உண்ணிக் காய்ச்சலையும் சொல்லிவிடுகிறேன், இதில் சாகும் நாய்கள் நம் ஊரில் ஏராளம். எர்லிக்கியா, பேபீசியா என்று இரண்டு கிருமிகள் முக்கியம். நாய் திடீரென்று சோற்றை ஒதுக்கும், மூலையில் படுக்கும், காய்ச்சல் அடிக்கும். ஈறு வெளுக்கும். வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள், சில நாய்க்கு மூக்கில் ரத்தம். ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் இறங்கியிருக்கும். எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின் 28 நாள் கொடுக்க வேண்டும். நான்காம் நாளே நாய் வாலாட்டிக்கொண்டு ஓடும், வீட்டுக்காரர் மருந்தை நிறுத்திவிடுவார். நிறுத்தக் கூடாது. அந்த மாத்திரையைத் தயிரில் பொதிந்து கொடுப்பதும் வேண்டாம், கால்சியம் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பிட்ட பிறகு, கொஞ்சம் தண்ணீரோடு.

நாயைத் தொட்டால் சுடுகிறது என்று பயப்படுகிறவர்களுக்கு: நாயின் இயல்பான வெப்பமே 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட். தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் சொல்ல முடியாது, வெப்பமானி வைத்துத்தான் பார்க்க வேண்டும். வீட்டில் இருக்கும் காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். இபுப்ரோஃபென் நாயின் குடலைப் புண்ணாக்கி சிறுநீரகத்தைக் கெடுக்கும். டைக்ளோஃபினாக்கும் அப்படித்தான். 2006லேயே கால்நடைகளுக்கு அதைத் தடை செய்துவிட்டார்கள், அது பாறுக் கழுகுகளுக்காக. மருந்து போட்ட மாடு செத்ததும் அதைத் தின்ற கழுகுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. நாய்ப் பேச்சு எங்கேயோ போய்விட்டது, மன்னிக்கவும்.

---

வைகைக்கரை

உண்ணி வேலைய இன்னைக்கே ஆரம்பிச்சாச்சு, கொத்தனாருக்கும் சொல்லியாச்சு. இனி சாப்பாடு. தயிர் சோற நிறுத்திட்டு கடையில விக்கிற உருண்டைத் தீனிக்கு மாறணுமா? அம்மாவுக்கு அது பிடிக்கல, "அது என்ன சாப்பாடு, கல்லு மாதிரி"ங்குறாங்க.

---

மூன்றாம்மாடி

மாத்திடுங்க. அளவு தெரியும், எல்லாச் சத்தும் இருக்கும், வேலையும் மிச்சம். பாக்கெட்ல "முழுமையான, சமச்சீர் உணவு, வளர்ந்த நாய்க்கு"ன்னு போட்டிருக்கான்னு மட்டும் பாருங்க. தயிர் சாதத்துல என்ன இருக்கு, மாவுச்சத்துதானே? நாய், மாமிசம் திங்குற பிராணி.

---

கொங்குக்காரி | பொள்ளாச்சி பக்கம்

மூன்றாம்மாடி அக்கா, அப்படி ஒரேடியா சொல்லிப்போடாதீங்க. எங்க தோட்டத்துல நாலு நாயிங்க, எல்லாம் சோத்துலதான் வளந்துச்சு. ஒண்ணுக்குப் பதிமூணு வயசாச்சு, இன்னும் மயிலை விரட்டீட்டுத்தான் திரியுது. நாயி மனுசன்கூட இருந்து இருந்து மாவு செரிக்கிற மரபணு ஓநாயை விட அதிகமா ஆயிருக்குன்னு ஆராய்ச்சியே வந்திருக்குங்க, 2013ல. சோறு விசமில்லீங்க.

ஆனா வெறும் தயிரும் சோறும் மட்டும்னா பத்தாது, அது எனக்கும் தெரியுது. நான் சோறு ஒரு பங்குன்னா கோழியும் ஈரலுமா ஒரு பங்குக்கு மேல போடுவேன். கூட பூசணி, கேரட், பீன்ஸ்னு எது கெடைக்குதோ அது. உப்பு போடமாட்டேன். முட்டை ஓட்டைக் காயவெச்சு மிக்சில மாவா அரைச்சு ஒரு சிட்டிகை. கறி மட்டும் போட்டா சுண்ணாம்புச் சத்து பத்தாதுங்க, எலும்பு கெட்டுப்போகும்.

---

மூன்றாம்மாடி

அக்கா, நீங்க பண்றது தயிர் சாதம் இல்ல, முழுச் சமையல்! அதை எத்தனை வீட்ல தினமும் பண்ணுவாங்க? பெரும்பாலும் மிச்சக் குழம்ப ஊத்தித்தான் வைக்கிறாங்க. அளவில்லாம வைக்கிற வீட்டுச் சாப்பாட்டைவிட அளந்து வைக்கிற பாக்கெட் மேல்னு நான் இன்னும் சொல்றேன்.

---

மாட்டுடாக்டர்

இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது, சண்டை வேண்டாம். எது போட்டாலும் புரதம் போதுமா, அளவு சரியா என்பதுதான் கேள்வி. தயிர் சோற்றில் வயிறு நிறையும், தசைக்கு வேண்டியது கிடைக்காது. பசி அடங்காமல் நாய் இன்னும் கேட்கும், நீங்கள் இன்னும் போடுவீர்கள்.

மிச்சக் குழம்பு என்று வந்ததால் இதைச் சொல்லியாக வேண்டும். நம் குழம்பில் வெங்காயமும் பூண்டும் இல்லாமல் எது இருக்கிறது? வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். கிலோ எடைக்கு 15 முதல் 30 கிராம் போனாலே ரத்தத்தில் மாற்றம் தெரியும். வேக வைத்தாலும் அந்த நச்சு போகாது. பாயசத்திலும் கேசரியிலும் போடும் உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். திராட்சையில் அந்த வேலையைச் செய்வது டார்டாரிக் அமிலம் என்று அமெரிக்க நச்சியல் மருத்துவர்கள் சில வருடம் முன்பு எழுதினார்கள். அதே கட்டுரையில் புளி தின்று சிறுநீரகம் கெட்ட நாய்களையும் சேர்த்திருந்தார்கள். புளியில் அந்த அமிலம் நிறைய. ஆகவே புளிக்குழம்புச் சோறு, புளியோதரை எதுவும் வேண்டாம். சாக்லேட்டும், சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் போடும் சைலிட்டால் என்ற இனிப்பும் நஞ்சு என்பது எல்லாரும் அறிந்ததுதான். வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியாக உடையும், அதுவும் கூடாது.

இப்போது புரூனோ கணக்கு. இருக்க வேண்டிய எடை 32 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எடை குறைய ஒரு நாளைக்குச் சுமார் 940 கலோரி. மேரி பிஸ்கட் ஒன்றில் 20 கலோரிக்கு மேல். டீ நேரத்தில் ஆளுக்கு ரெண்டு என்று பத்துப் போட்டால் ஒரு நாள் சாப்பாட்டில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. சோற்றைக் குறைக்கும் முன் பிஸ்கட்டை எண்ணுங்கள். பதிலுக்கு வெள்ளரித் துண்டு, கேரட், வேகவைத்த பீன்ஸ் கொடுக்கலாம். வாரத்துக்கு உடல் எடையில் ஒன்று, ஒன்றரை சதவீதம் இறங்கினால் போதும். பட்டினி போடக் கூடாது. புது உணவுக்கு மாறுவதாக இருந்தால் பழையதோடு கலந்து ஒரு வாரத்தில் மெல்ல மாற்றுங்கள், இல்லாவிட்டால் பேதியாகும்.

லேப்ரடாரைக் குறை சொல்லியும் பயனில்லை. பசி அடங்கியதைச் சொல்லும் பி.ஓ.எம்.சி. மரபணுவில் பழுது உள்ள லேப்கள் ஏறத்தாழ நான்கில் ஒன்று என்று கேம்பிரிட்ஜ்காரர்கள் 2016ல் கண்டுபிடித்தார்கள். அதன் பக்கத்தில் நின்று கெஞ்சும் கண் நடிப்பில்லை, அதற்கு உண்மையிலேயே பசிக்கிறது. அதற்காகக் கொடுத்துவிடவும் முடியாது. அமெரிக்காவில் 48 லேப்ரடார்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து வாழ்நாள் முழுக்கக் கவனித்தார்கள், முடிவு 2002ல் வந்தது. கால் பங்கு குறைவாகத் தின்ற கூட்டத்தின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றதற்கு 11.2. மூட்டு வாதமும் முதல் கூட்டத்துக்குத் தாமதமாகத்தான் வந்தது.

---

வைகைக்கரை

13க்கும் 11க்கும் உள்ள கணக்க அப்பாகிட்ட காட்டினேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் பிஸ்கட் டப்பாவ எடுத்துப் பரண்ல வச்சுட்டார்.

நடைக்கு எப்ப கூட்டிட்டுப் போறது? ஆபீஸ் போறதுக்கு முன்னாடி எட்டரை மணிக்குத்தான் எனக்கு நேரம்.

---

செவலைக்காரன்

மதுரை வெயில்ல எட்டரையா? வேணாம்ணே. பங்குனி, சித்திரைல ஆறு மணிக்குப் போயிட்டு ஏழுக்குள்ள வந்துருங்க. சாயங்காலம் தார் ரோடு ஆறணும். புறங்கையை ரோட்ல வச்சு ஏழு எண்ணுங்க, தாங்க முடியலேன்னா அவன் பாதமும் தாங்காது. நாய்க்கு வேர்க்கிறது பாதத்துல மட்டுந்தான், மத்ததெல்லாம் மூச்சு இரைச்சுத்தான் சூட்டை வெளிய தள்ளணும். குண்டு நாய்க்கு அது இன்னும் கஷ்டம்.

முதல்ல பத்து நிமிசம், ரெண்டு வாரம் கழிச்சுப் பதினஞ்சு. ஓட விடாதீங்க, மூட்டு போயிரும். மோந்து மோந்து நின்னா நிக்கட்டும், இழுக்காதீங்க. அதுக்குப் பாதி வேலையே மூக்குலதான்.

---

மூன்றாம்மாடி

வெயில்ல மயங்குற மாதிரி ஆச்சுன்னா, அதாவது நாக்கு கருஞ்சிவப்பா, எச்சில் கெட்டியா, தள்ளாடினா, முதல்ல அங்கயே உடம்பு பூரா தண்ணி ஊத்தி ஃபேன் போட்டு ஆத்தணும். அதுக்கப்புறம் டாக்டர்கிட்ட. ஈரத் துண்டைப் போர்த்தி விடாதீங்க, சூடு உள்ளயே நின்னுடும். அப்புறம், வெயில் காலம்னு லேப்க்கு மொட்டை அடிக்கச் சொல்வாங்க, அடிக்காதீங்க. உள்முடியும் மேல்முடியும்தான் அதைக் காப்பாத்துது. சீப்பால உதிர்ற முடிய எடுத்தா போதும்.

---

கொங்குக்காரி

அந்தச் சங்கிலிய என்னங்க பண்ணப் போறீங்க? யாரும் அதைப் பேசவே இல்லையே. பகல் பூரா கட்டிக் கெடந்தா எந்த நாயும் ஒண்ணு சோம்பிப்போகும், இல்லாட்டி சிடுசிடுன்னு ஆகிப்போகும். காம்பவுண்டு சுவர் இருக்குதுல்லங்க, கேட்டைச் சாத்தீட்டு அவுத்து வுடுங்க. சோத்தைத் தட்டுல வெக்காம, பழைய துண்டுல சுருட்டி அங்கங்க ஒளிச்சு வெச்சுப் பாருங்க. தேடித் தேடி அரை மணி நேரம் ஓட்டீரும்.

---

வைகைக்கரை

அவுத்து விட்டாச்சு அக்கா. ரெண்டு நாள் தூண் பக்கத்துலயே போய்ப் படுத்தான். இப்ப சமையக்கட்டு வாசல்ல.

---

மூன்றாம்மாடி

இழைய திசை திருப்புறதுக்கு மன்னிக்கணும். டாக்டர் சார், எங்க வீட்ல ஒரு ஸ்பிட்ஸ், பொண்ணு, ஏழு வயசு, கருத்தடை பண்ணல. ரெண்டு நாளா தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கா. ஒரு கிண்ணம் வச்சா காலி, ராத்திரியும் எழுந்து குடிக்கிறா. சாப்பாட்டுல மனசில்ல. வெயில்னாலன்னு நினைச்சோம். பக்கத்துல ஒரு கிளினிக்ல காட்டினோம், வயித்துக்கு ஒரு டானிக் எழுதிக் குடுத்துட்டாங்க.

---

மாட்டுடாக்டர்

கடைசியாக எப்போது பருவத்துக்கு வந்தது? பின்பக்கம் ஏதாவது கசிகிறதா, வாடை உண்டா?

---

மூன்றாம்மாடி

ஒன்றரை மாசம் இருக்கும். கசிவு ஒண்ணும் தெரியல. ஆனா அந்த இடத்தை அடிக்கடி நக்குறா.

---

மாட்டுடாக்டர்

அம்மா, நாளைக்கு என்று வைக்காதீர்கள், இப்போதே கிளம்புங்கள். ஸ்கேன் வசதி இருக்கும் இடத்துக்குப் போங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம் என்றால் அங்கே. போனதும் "பயோமெட்ரா இருக்குமோ என்று பார்க்க வேண்டும்" என்று சொல்லுங்கள். கருப்பையில் சீழ் கட்டுவது அது. பருவம் முடிந்து நாலு முதல் எட்டு வாரத்தில் வரும், ஆறு ஏழு வயதுக்கு மேல் அதிகம். தண்ணீர் நிறையக் குடிப்பது அதன் முக்கிய அடையாளம். கசிவு இல்லை என்பது நல்ல செய்தி அல்ல, கருப்பை வாய் மூடியிருந்தால் சீழ் உள்ளேயே தேங்கும்.

---

மூன்றாம்மாடி | மூன்று நாள் கழித்து

சார், அதேதான். ஸ்கேன்ல கருப்பை பூரா சீழ். அன்னைக்கு ராத்திரியே ஆபரேஷன், கருப்பையோட எடுத்துட்டாங்க. இன்னும் ஒரு நாள் போயிருந்தா உள்ளயே வெடிச்சிருக்கும்னாங்க. இன்னைக்குக் கொஞ்சம் கஞ்சி குடிச்சா. கழுத்துல அந்தப் பிளாஸ்டிக் கூம்பு மாட்டியிருக்கு, சோபால எல்லாம் இடிச்சுக்கிட்டுத் திரியுறா. நன்றின்னு ஒரு வார்த்தைல சொல்லி முடிக்க முடியாது சார்.

---

கொங்குக்காரி

அம்மாடி, நல்ல வேளைங்க! எங்க தோட்டத்துல ரெண்டு பொட்டைக்கு இன்னும் பண்ணல. அடுத்த வாரமே கூட்டீட்டுப் போறேன்.

---

மாட்டுடாக்டர்

கேட்க சந்தோஷம். தையல் பிரிக்கும் வரை கூம்பைக் கழற்றாதீர்கள், பாவம் என்று தோன்றினாலும்.

கொங்குக்காரி அம்மா, பருவத்தில் இருக்கும்போது கூட்டிப் போகாதீர்கள், ரத்தப் போக்கு அதிகமாகும். முடிந்து ரெண்டு மூன்று மாதம் கழித்து நல்லது.

---

வைகைக்கரை | சில வாரம் கழித்து

நிலவரம் சொல்லிடுறேன். ஊசி ரெண்டாவது டோஸும் போட்டாச்சு, புது புக் வாங்கிப் பீரோல வச்சிருக்கேன். உண்ணி இப்ப நாய் மேல சுத்தமா இல்ல, சுவர்ல எப்பவாவது ஒண்ணு கண்ணுல படுது. எடை 38.5. காலைல சோறு, கோழி, பூசணி, ராத்திரி பாக்கெட் தீனி அளந்து. அம்மாவும் சமாதானம், நானும் சமாதானம்.

இன்னும் ரெண்டு இருக்கு. வாய் நாத்தம் பயங்கரமா அடிக்குது, கடைவாய்ப் பல்லுல மஞ்சளா கல்லு மாதிரி படிஞ்சிருக்கு. காதையும் அடிக்கடி உதறுறான். ஒவ்வொரு தடவையும் எடை போட மாட்டாஸ்பத்திரி வரைக்கும் போக முடியல, இவனைத் தூக்கிக்கிட்டு வீட்டுத் தராசுல ஏறவும் முடியல. என்ன பண்றது?

---

செவலைக்காரன்

பழைய இரும்புக் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க. அங்க பிளாட்பாரத் தராசு இருக்கும், உக்காரச் சொன்னா உக்காந்துக்குவான். ஒருதடவ டீக்குக் காசு குடுத்தா அப்புறம் கடைக்காரரே கூப்பிடுவார்.

---

மாட்டுடாக்டர்

நல்ல யோசனை, ஆனால் எப்போதும் ஒரே தராசில் போடுங்கள்.

படிந்து கல்லானது தேய்த்தால் போகாது. மயக்கம் கொடுத்து டாக்டர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். இன்னும் மூன்று நான்கு கிலோ இறங்கட்டும், மயக்க மருந்துக்கும் அது பாதுகாப்பு. அதன்பிறகு தினமும் நாய்களுக்கான பற்பசையால் தேய்த்து விடுங்கள். நாம் தேய்க்கும் பேஸ்ட் கூடாது, அது துப்பத் தெரியாமல் விழுங்கும். முதல் வாரம் விரலில் துணி சுற்றி வெளிப்பக்கப் பல்லை மட்டும் தொட்டுப் பழக்குங்கள்.

காதை மோந்து பாருங்கள். புளித்த வாடை, பழுப்பு அழுக்கு இருந்தால் பூஞ்சை. தொங்கு காது நாய்களுக்குக் குளித்த பிறகு ஈரம் உள்ளே நின்று இப்படி வரும். பட்ஸ் விட்டுக் குடையாதீர்கள், எண்ணெய் ஊற்றாதீர்கள். இந்த வாரம் ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள். செவிப்பறை நன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சொட்டு மருந்து போட வேண்டும். போகும்போது நகத்தையும் வெட்டிவிடச் சொல்லுங்கள். முன்னங்காலில் உள்பக்கம் மேலே ஒரு நகம் இருக்கும், தரையில் படாததால் அது தேயாது, வளைந்து சதைக்குள் இறங்கிவிடும். அதை வெட்டியாயிற்றா என்று நீங்களே பார்த்துவிட்டு வாருங்கள்.